கூட்டத்தில் பதிந்த நாடா: ஒரு ராக் கச்சேரியைச் செப்பனிட்ட அனுபவங்கள்

கூட்டத்தில் நின்றவர் பதிந்த பழைய நாடாவைச் செப்பனிடும் வேலையில் பொறுமை சீக்கிரமே கைவந்துவிடுகிறது. எங்கே நிறுத்துவது என்ற தெளிவு கடைசிவரை வருவதில்லை.

பணியில் இருந்த காலமெல்லாம் வாய்மொழிப் பாடல்களின் பாடவேறுபாடுகளை ஒப்பிட்டுக் குறித்தவன் நான். ஒரு பாட்டை மூன்று பேர் மூன்று விதமாகப் பாடினால் மூன்றையும் அப்படியே எழுதிவைக்க வேண்டும். எதையும் மூலம் என்று சொல்லிவிடக் கூடாது. இதுவே என் கட்சி. ஓய்வு பெற்றபின் ராக் கச்சேரி நாடாக்களின் பக்கம் வந்தேன். ஒரே ஒரு இருமலை நீக்குவதற்காக ஹெட்போன் மாட்டிக்கொண்டு ஒரு பிற்பகல் முழுவதையும் தொலைத்த அன்பர்களுக்கு இந்த மாற்றம் வியப்பாக இராது. மற்றவர்கள் நம்மைப் பார்த்துப் பரிதாபப்படட்டும். இங்கே ஒரே ஒரு நாடாவைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கேட்டு வந்தவர்

தேக்கா சந்தையின் உணவுக்கடையில் என்னைத் தேடி வந்தவர்கள் கணவன் மனைவி இருவர். கணவர் சேவியர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்த ஊரில் ஆங்கிலப் பாடல்கள் பாடிய ஒரு ராக் குழுவின் பாடகர். அக்குழு வெளியிட்ட ஒரே இசைத்தட்டில் பாடியவர் அவருக்கு முன்பிருந்தவர். சேவியர் சேர்ந்தபின் தட்டு வரவில்லை. குழுவும் விரைவில் கலைந்தது. அதன்பின் அவர் எங்கும் தனித்துப் பாடியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரு சிறு கருவியைக் கழுத்தில் அழுத்திப் பிடித்துப் பேசுகிறார். ஏற்ற இறக்கம் இல்லாமல் எல்லாச் சொல்லும் ஒரே சுரத்தில் வருகிறது.

பேசியதெல்லாம் மனைவி பிலோமினாதான். நான்கு வயதுப் பேத்தி ஏஞ்சலுக்குத் தாத்தாவின் கருவிக்குரலைக் கேட்டால் பயம். அவர் வாய் திறந்தால் மேசைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். சேவியர் பாடிய ஒரு கச்சேரியை ஃபேரர் பார்க் பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் பதிந்து வைத்திருப்பதாகச் செவிவழிச் செய்தி. அதைத் தேடிப் பிடித்துக் கேட்கும்படி செய்துதர முடியுமா என்று கேட்டார். பழைய காணொளிகள் ஒன்றும் இல்லையா என்று வினவினேன். அதற்கு அந்த அம்மையார் சொன்னது:

"போன்ல இவர் பேசுறது இருக்கு சார். எல்லாம் 'கேக் வெட்டு, சீக்கிரம் கேக் வெட்டு'தான். பாட்டு ஒண்ணுகூட இல்ல. 'ரோபோ தாத்தா'ன்னு அந்தப் பிள்ள ஓடும்போது இவர் மூஞ்சிய நீங்க பாக்கணும்."

கை தட்டாதவர்

கடைக்காரரின் பெயர் நைனா முகமது. குடும்பம் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து பல தலைமுறையாகிவிட்டது, துணிக்கடை. இளமையில் கடைக் கணக்கை அண்ணனிடம் ஒப்படைத்துவிட்டு ராக் கச்சேரிகளுக்குப் போய்விடுவாராம். கேசட் பதிவுக்கருவியைச் சட்டைக்குள் வைத்து, ஒலிவாங்கியை மட்டும் காலர் வழியே வெளியே விட்டுப் பதிந்திருக்கிறார். நாடா நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பும் இடைவெளியைக்கூட, கித்தார்க்காரர் சுருதி கூட்டும் நேரம் பார்த்து வைத்திருக்கிறார். பாடகருக்காகத்தான் கேட்கிறேன் என்றதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார்.

நாடாவில் பாட்டுக்குப் பாட்டு நாலாபுறமும் கைதட்டல் எழுகிறது. ஒலிவாங்கிக்கு மிக அருகில் மட்டும் ஒரு சிறு வட்டம் மௌனமாகவே இருக்கிறது. கச்சேரி பிடிக்கவில்லையா என்று கேட்டேன். அளந்துகொண்டிருந்த துணியை மடித்து வைத்துவிட்டுச் சொன்னார்:

"பிடிக்காமலா சார்? ஊரே தட்டுச்சு, நான் மட்டும் தட்டல. தட்டினா டேப்ல என் கைதான் கேக்கும், சேவியர் கேக்க மாட்டாரு."

பக்கத்தில் நின்றவர்

நைனா முகமதுவின் கட்டுப்பாடு அவருக்குப் பக்கத்தில் நின்றவருக்கு இல்லை. யாரென்று தெரியாத அந்த மனிதர் ஒவ்வொரு பாட்டையும் அரைத்தாளம் பின்தங்கி, உரத்த குரலில், முழு நம்பிக்கையோடு கூடவே பாடுகிறார். சேவியர் நீட்டி நிறுத்தும் இடங்களில் இவர் நிறுத்துவதே இல்லை. வாசகர்களே, நம் ஒவ்வொருவருடைய நாடாவிலும் இவர் நின்றுகொண்டிருக்கிறார்.

துவாஸில் கப்பல் பட்டறையில் அதிர்வுகளை அளக்கும் பொறியாளர் குமரேசன், இந்த வேலையில் என் கூட்டாளி. அக்கம்பக்கத்துக் குரலைப் பிரித்தெடுக்கும் மென்பொருளைக் கையாள்வதில் வல்லவர். அவரிடம் இந்த மனிதரை அடியோடு நீக்கச் சொன்னேன். இவருடைய குரலும் சேவியரின் குரலும் ஒரே சுருதி உயரத்தில் இருந்தன. இவரைச் சுரண்டச் சுரண்ட, சேவியரின் சொற்களில் மெய்யெழுத்துகள் உதிர்ந்தன. பிறகு குரலே தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் ஆயிற்று. நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வற்புறுத்திக்கொண்டே இருந்தேன். குமரேசன் ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"ஐயா, இந்த ஆள வெளிய அனுப்பினா சேவியர் அங்கிளும் கூடவே எழுந்து போறாரு லா. ரெண்டு பேரும் இருக்கட்டும். இவர் கொஞ்சம் தள்ளி நிக்கட்டும், அவ்வளவுதான்."

வேகம் கூட்டிய பிழை

இசைத்தட்டோடு ஒப்பிட்டபோது நாடாவில் எல்லாப் பாட்டுகளும் அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்தன. பதிவுக்கருவி சீராக ஓடாததால் வந்த பிசகு என்று தீர்மானித்து, தட்டின் சுருதிக்குச் சரியாக வரும்வரை வேகத்தைக் கூட்டினேன். நம் துறையில் இது அன்றாட வழக்கம். நாடாவைத் தட்டுக்கு இணங்கச் செய்ததும் எல்லாம் சுறுசுறுப்பாக, பளிச்சென்று ஆகிவிட்டது. குமரேசனுக்கும் திருப்தி.

ஈசூனில் அவர்கள் வீட்டுக்கு அதை எடுத்துச் சென்றேன். பேத்தி பள்ளிக்குப் போயிருந்தாள். முதற்பாட்டின் பாதியில் சேவியர் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். கருவியைக் கழுத்தில் வைத்தார். "இது நான் இல்ல," என்றார். "யாரோ சின்னப் பையன். அன்னைக்கு எனக்குக் காய்ச்சல், சார். மேல போக முடியல. பசங்க எல்லாரும் கம்பியத் தளத்தி அரைக்கட்டை இறக்கி வாசிச்சாங்க." ஒரே சுரத்தில் இவ்வளவும் சொல்லி முடித்ததும் மூச்சு வாங்கியது. பேத்திக்குக் கேட்கத் தரவேண்டியது இந்தக் குரல் இல்லை என்பதுபோல் ஒலிபெருக்கியைச் சற்றுத் தள்ளி வைத்தார்.

நான் திரும்பி வந்ததும், நாடாவில் கேட்கும் மேடைப் பெருக்கிகளின் மின்முணுமுணுப்பைக் குமரேசன் அளந்து பார்த்தார். ஊர் மின்சாரத்தின் அதிர்வுக்கு மாறாத ஓர் அளவு உண்டு; நாடாவின் வேகம் பிசகினால் அந்த முணுமுணுப்பின் சுருதியும் பிசகியிருக்கும். அதற்குக் காய்ச்சல் வருவதில்லை. தொடுவதற்கு முன் நாடா ஏறத்தாழச் சரியான வேகத்திலேயே ஓடியிருந்தது. எதையும் மூலம் என்று சொல்லாதவன், ஓர் இசைத்தட்டு மூலமாகிவிட எவ்வளவு எளிதாக இடம் கொடுத்துவிட்டேன் என்று எண்ணியபடியே அத்தனை பாட்டுகளையும் பழைய வேகத்துக்கு இறக்கினேன். அன்று ஈசூன் வீட்டின் வாசலில் என்னை வழியனுப்பியபோது பிலோமினா சொன்னது இது:

"டாக்டருங்ககூட இவ்வளவு செய்யல சார். அம்பது வருஷம் கழிச்சு இவருக்குக் காய்ச்சலக் குணமாக்கிட்டீங்க."

ஞாயிற்றுக்கிழமை

இரண்டாம் முறை நான் சென்றது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் மாதா கோயிலுக்குப் போய்வந்தபின். பூசைக்குப் போட்ட உடையைக்கூட மாற்றாமல் ஏஞ்சல் பாட்டியின் மடியில் உட்கார்ந்திருந்தாள். தாத்தா எதிர் நாற்காலியில், கருவியை மடியில் வைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் இருந்தார். கேட்பவர்கள் சொல்வதைப் பதிந்துகொள்வது என் பழைய தொழிற்பழக்கம் என்பதால், அனுமதி பெற்று என் பதிவுக்கருவியை மேசைமேல் ஓடவிட்டேன்.

பாட்டு தொடங்கியது. அரைச்சுரம் தாழ்ந்த, சற்றுக் கரகரத்த, காய்ச்சலில் கிடந்தெழுந்த ஒருவனுடைய குரல். இம்முறை சேவியர் நிறுத்தச் சொல்லவில்லை; கண்களை மூடிக்கொண்டார். "யாரு பாட்டி?" என்றாள் குழந்தை. "தாத்தாம்மா. நம்ம தாத்தா." அவள் ஒலிபெருக்கியைப் பார்த்தாள், எதிரே இருந்தவரைப் பார்த்தாள். "பொய்," என்றாள்.

சேவியர் கண்களைத் திறக்கவில்லை. பல்லவி மறுபடி வந்தது. அவர் அறிந்து செய்தாரா, கை தானாக எழுந்ததா, எனக்குத் தெரியாது. கருவி கழுத்துக்குப் போனது. ஒரே சுரம்தான். ஆனால் ஒவ்வொரு சொல்லும் அதனதன் இடத்தில் விழுந்தது. நீட்ட வேண்டிய இடத்தில் நீண்டது. மூச்சு விட வேண்டிய இடத்தில் நின்றது. இளமையில் பாடியவனும் இப்போது பாடுகிறவரும் ஓர் எழுத்தும் பிசகாமல் கூடவே போனார்கள். குழந்தை ஓடவில்லை. பாட்டியின் மடியிலிருந்து இறங்கி வந்து, தாத்தா கழுத்தில் அழுத்திப் பிடித்திருந்த கருவியின்மேல் இரண்டு விரல்களை வைத்துப் பார்த்தாள். அதிர்வு பட்டிருக்க வேண்டும், சிரித்துவிட்டாள். பாட்டு முடிந்து ஒலிபெருக்கியில் கூட்டம் ஆரவாரித்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"ஸ்பீக்கர ஆஃப் பண்ணுங்க. அது வேற அங்கிள். தாத்தா, நீங்க பாடுங்க, ஒன்ஸ் மோர்!"

ஆகவே, நாடாவில் ஒன்றும் அன்றைய மேசைப் பதிவில் ஒன்றுமாக, என்னிடம் இப்போது அந்தப் பாட்டுக்கு இரண்டு பாடங்கள் உள்ளன, அவற்றுள் எதன்மேல் 'செம்மைப்படுத்திய பதிவு' என்று எழுதி ஒட்டுவது என்பதை மட்டும் இத்தனை ஆண்டுத் தொழிற்பயிற்சிக்குப் பின்னும் என்னால் முடிவு செய்ய இயலவில்லை.