சேகர் என்று எழுதிய சைக்கிள்

போன வாரம் பக்கத்து வீட்டு ஜெயபால் மோட்டார் சைக்கிள் வாங்கினார். திண்டிவனத்தில் துணிக்கடை வைத்திருப்பவர். சிவப்பு வண்டி. மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவுக்கே லட்டு கொடுத்தார். நானும் தின்றேன்.

அன்றைக்கே பயமும் வந்துவிட்டது.

வாசலில் விட்டால் போய்விடுமாம். கூடத்துக்குள் ஏற்றப் பார்த்தார். படி இடித்தது. படியை உடைத்துச் சரிவாக சிமெண்ட் பூசினார். சுவரில் இரும்பு வளையம் பதித்தார். வளையத்துக்கும் சக்கரத்துக்கும் சங்கிலி. சங்கிலிக்குப் பூட்டு. ஹேண்டிலுக்குத் தனிப் பூட்டு. படுக்கும்போது பிளக்கைக் கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார்.

இப்போது கூடத்தில் வண்டி படுக்கிறது. ஜெயபாலும் அவர் சம்சாரமும் சமையல்கட்டில் படுக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த மாமியார் ஒரு நாள் சைலன்சர் பக்கத்தில் படுத்துப் பார்த்தார். பெட்ரோல் வாசனை. மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பிவிட்டார். வண்டியால் வந்த முதல் லாபம் என்று ஜெயபால் சொல்லவில்லை. முகம் சொன்னது.

"இன்னும் இன்னா செய்யலாம் அண்ணாத்தே?" என்று என்னைக் கேட்டார். "டாங்குல பேரை எழுதிடலாம்னு கீறேன். பெருசா. தூரத்துலேர்ந்தே தெரியறாப்ல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வராத ஆள் நான்.

"ஏன் சிரிக்கிறீங்க?"

சொன்னேன். அவருக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டை எடை போடுகிறவன். சில வருஷம் முன்னால் புது சைக்கிள் வாங்கினேன். கறுப்பு. சக்கரத்துக்கு ஒரு பூட்டு. ஜன்னல் கம்பியோடு சேர்த்துச் சங்கிலி, அதற்கு ஒரு பூட்டு. அதோடு விட்டேனா? பெயிண்டரைக் கூப்பிட்டுச் செயின் கவரில் பேரை எழுதச் சொன்னேன். 'கோவிந்தன், திண்டிவனம்.' அவர் பேருக்கு இரண்டு பக்கமும் தாமரைப் பூ போட்டார். அது இனாம்.

"இனிமே எமனே வந்தாலும் எடுக்க மாட்டான்" என்றார் பெயிண்டர்.

எங்கள் தெருவில் ஆளுக்கு ஒரு வழி. எண்ணெய் செக்குக்காரர் சீட்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோவார். கம்பவுண்டர் தினமும் சாயங்காலம் காற்றைப் பிடுங்கிவிடுவார். காலையில் மூச்சு வாங்க வாங்க அடிப்பார். திருடன் பம்பு கொண்டுவர மாட்டானாம். மூலை வீட்டு டெய்லர் எதுவுமே செய்யமாட்டார். பூட்டே கிடையாது.

யாருடையது போயிருக்கும்? நீங்களே சொல்லுங்கள்.

காலையில் எழுந்து பார்த்தேன். ஜன்னல் கம்பியில் அறுந்த சங்கிலி தொங்கியது. பூட்டு மட்டும் பூட்டினபடியே இருந்தது. நல்ல பூட்டு.

புகார் கொடுத்தேன். மறந்தும் போனேன். மண்டிக்கு நடந்தேன். காலுக்கு நல்லது என்று எல்லாரும் சொன்னார்கள். சைக்கிள் வைத்திருக்கிறவர்கள்தான் சொன்னார்கள்.

சில மாதம் கழித்து ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்தது. விழுப்புரத்தில் ஒருத்தன் அகப்பட்டிருக்கிறான், வந்து அடையாளம் காட்டு என்று. போனேன்.

வரிசையாக வண்டிகள். என்னுடையதைக் காணோம். கடைசியில் கிளிப்பச்சை கலரில் ஒன்று நின்றது. செயின் கவரில் வெள்ளையாக 'சேகர்' என்று எழுதியிருந்தது. பேருக்கு இரண்டு பக்கமும்... என் தாமரை. அதை மட்டும் அழிக்காமல் விட்டிருந்தான். ரசனை உள்ளவன்.

"திருடின வண்டியில எவன்டா சொந்தப் பேரை எழுதுவான்?" என்று கேட்டேன். அவன் அங்கேதான் உட்கார்ந்திருந்தான். ஒல்லி, சுத்தமான சட்டை.

"எழுதலைன்னாதாண்ணே சந்தேகம் வரும்" என்றான்.

சரி, கிடைத்துவிட்டது. ஹேண்டிலைப் பிடித்தேன்.

"எங்கய்யா தள்ளிக்கினு போறே?" என்றார் ஏட்டு.

"வீட்டுக்குங்க."

"அது கேஸ் பிராப்பர்ட்டி. கோர்ட்ல கேட்டு வாங்கிக்கோ."

கேட்டேன். கொடுத்தார்கள். எப்படி? பத்திரம் எழுதி, ஜாமீன் ஆள் வைத்து. விற்கக் கூடாது. தொலைக்கக் கூடாது. கலர் மாற்றக் கூடாது. அந்தப் பேரை அழிக்கக் கூடாது. கூப்பிடுகிற போதெல்லாம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். கேஸ் முடிகிற வரைக்கும்.

புரிகிறதா? முன்னே திருடு போனால் எனக்கு நஷ்டம். இப்போது திருடு போனால் நான் குற்றவாளி.

ஜாமீன் போட்டது என் மச்சான். சம்சாரத்தின் அண்ணன். கிளியனூர் பக்கம் மல்லாட்டை போடுகிறவர். நிலத்துக்கு வரி கட்டின ரசீதைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். போட்ட அன்றிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. சைக்கிள் போனால் நிலம் போச்சு.

வாராவாரம் பஸ் பிடித்து வருவார். வாசலிலேயே நிற்பார்.

"மாப்ளே, வண்டி கீதா?"

"கீது."

"எங்க, காட்டு."

காட்டுவேன். தடவிப் பார்ப்பார். "உள்ள வச்சிக்கினு படு. வெளிய வுடாத. அது சைக்கிள் இல்ல, என் மல்லாட்டைக் கொல்லை."

"நான்கூட அண்ணன் என்னைப் பாக்க வர்றாருன்னு நெனச்சேன்" என்பாள் என் சம்சாரம். "ரெண்டு சக்கரத்தோட பொறந்திருக்கணும் நான்."

ஆக, எங்கள் வீட்டுக் கூடத்திலும் வண்டி படுத்தது. நாங்கள் சமையல்கட்டில். ஜெயபாலுக்கு நான் முன்னோடி.

திண்டிவனத்திலேயே கிளிப்பச்சை சைக்கிள் அது ஒன்றுதான். மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் "சேகர் அண்ணன் வந்துட்டாருடோய்" என்பார்கள். ஒரு நாள் ரோட்டில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். புது ஆள்.

"பேர் இன்னா?"

"கோவிந்தன்."

"வண்டியில சேகர்னு கீது?"

"அது திருடன் பேருங்க."

"அப்போ இது திருட்டு வண்டியா?"

"ஆமாங்க. ஆனா என்னுது."

ஸ்டேஷனில் உட்காரவைத்தார். மச்சான் வந்து எல்லாக் கதையும் சொன்ன பிறகு விட்டார்கள். மச்சான் என்னைப் பற்றிக் கேட்கவில்லை. வண்டியில் கீறல் விழுந்ததா என்று கேட்டார்.

வாய்தா அன்றைக்கெல்லாம் விழுப்புரம் போக வேண்டும். பஸ் கூரைமேல் சைக்கிள், உள்ளே நான். சில நாள் வக்கீல் வரமாட்டார். சில நாள் சாட்சி வரமாட்டார். தவறாமல் வந்தது இரண்டு பேர். நான், சேகர். அவன் ஜாமீனில் வெளியே இருந்தான். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்காகக் காத்திருப்பான். எத்தனை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு டீ குடிப்பது? பேச்சு வந்துவிட்டது.

"பிரேக் கட்டை தேஞ்சி போச்சிண்ணே. மாத்துங்க."

"மாத்தக் கூடாது. உன் கேஸு."

"பேஜாருதான்" என்று வருத்தப்பட்டான்.

ஒரு நாள் கேட்டேன். "தெருவுல அத்தனை வண்டி நின்னுச்சே. டெய்லர் வண்டியில பூட்டே கெடையாது. என்னுதை ஏன்டா எடுத்தே?"

"பூட்டாத வண்டியை எவன்ணே எடுப்பான்? எதுனா கோளாறு இருக்கும். நீங்க ரெண்டு பூட்டு போட்டிருந்தீங்க. பேர் வேற எழுதி, பூவெல்லாம் போட்டு... பாத்தாலே தெரியுது, ஆசையா வச்சிருக்காருன்னு. நல்ல வண்டியாத்தான் இருக்கும்னு எடுத்தேன்."

டீயைக் குடித்தேன்.

கடைசியில் சாட்சி விசாரணை என்று ஒரு நாள் குறித்தார்கள். வண்டி கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் ஜாமீன்காரரைக் கேட்போம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மச்சானும் கூடவே வந்தார். கூரைமேல் ஏற்றும்போதும் சக்கரத்தைப் பூட்டச் சொன்னார். ஓடுகிற பஸ் கூரையில் எவன் திருடுவான்? பூட்டினேன். அவர் நிலம்.

விழுப்புரத்தில் இறங்கினோம். கூரையில் ஏறி இறக்கிக் கொடுக்கிற ஆள் "தோ வர்றேன், நில்லுங்க" என்றான். சேகர் டீ சொல்லியிருந்தான். கையில் கிளாஸை வாங்கினேன். திரும்பினேன்.

பஸ் இல்லை.

அது திருச்சி பஸ். கூரையில் கிளிப்பச்சை தெரிய, வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மச்சான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"போச்சு மாப்ளே. கொல்லை போச்சு."

சேகர் கிளாஸை வைத்தான். "இந்நேரத்துக்கு ரயில்வே கேட்டு போட்டிருப்பாங்க. பஸ் நிக்கும். நீங்க கோர்ட்டுக்குப் போங்க. நான் எடுத்துக்கினு வர்றேன்" என்றான். ஓடினான்.

அப்புறம்தான் உறைத்தது. என் சைக்கிளை எடுத்துவர யாரை அனுப்பியிருக்கிறேன்?

கோர்ட் வாசலில் நின்றோம். மச்சான் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துத் துடைத்து முகமே சிவந்துவிட்டது. உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். "சேகர்... சேகர்..." வண்டியும் இல்லை. வண்டியைத் திருடினவனும் இல்லை. வக்கீல் வெளியே எட்டிப் பார்த்தார்.

"எங்கய்யா அக்யூஸ்டு?"

"சைக்கிள் எடுத்தாரப் போயிருக்கான்" என்றேன்.

"மறுபடியுமா?" என்றார் வக்கீல்.

மூன்றாவது தரம் கூப்பிடும்போது கேட்டுக்குள் கிளிப்பச்சை நுழைந்தது. சேகர்தான். வேர்த்து ஊற்றியது. மணியடித்துக்கொண்டே வந்தான். எனக்கு முன்னால் நிறுத்தி, சக்கரத்தைப் பூட்டினான்.

"பூட்டிட்டேண்ணே. காலம் கெட்டுக் கெடக்கு. நாலு பேர் வந்து போற எடம்."

சொல்லிவிட்டுக் கூண்டுக்கு ஓடினான்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. காலையிலிருந்து அங்கேதான் இருந்தது. அவன் எப்படித் திறந்து ஓட்டிவந்தான் என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை.

"தங்கமான புள்ள" என்றார் மச்சான்.

சாட்சிக் கூண்டில் ஏறினேன். சேகரின் வக்கீல் கேட்டார்.

"இது உங்க சைக்கிளா?"

"ஆமாங்க."

"உங்க பேர் சேகரா?"

"இல்லீங்க."

"இதுல யார் பேர் இருக்கு?"

"சேகர்னுங்க."

தாமரையைப் பற்றிச் சொன்னேன். தாமரை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்றார். நியாயம்தானே? சேகரிடம் வண்டியை விலைக்கு வாங்கினவர் அடுத்து ஏறினார்; போலீஸ் வண்டியைப் பிடித்தது அவரிடம்தான். விற்றது இவர்தானா என்று ஞாபகம் இல்லை என்றார்.

அடுத்த வாய்தாவில் சேகர் விடுதலை. என் பத்திரமும் ரத்து. வண்டி என்னுடையது. மச்சான் ரசீதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளியனூர் போனவர்தான். அதற்குப் பிறகு வாராவாரம் வருவதில்லை. சம்சாரம் வாசலைப் பார்த்துப் பார்த்து விட்டுவிட்டாள்.

சேகர் டீக்கடை வரைக்கும் கூட வந்தான்.

"இனிமே பெயிண்ட் மாத்தலாம்ல?" என்றேன்.

"கலரை மாத்துங்க. பேரை மட்டும் அழிச்சிடாதீங்கண்ணே."

"ஏன்?"

"எங்க ஆளுங்க எவனும் தொட மாட்டான்."

நான் கலரையும் மாற்றவில்லை. அன்றிலிருந்து என் சைக்கிள் வாசலில்தான் நிற்கிறது. பூட்டு கிடையாது. சங்கிலி கிடையாது. நாங்கள் கூடத்தில் கால் நீட்டிப் படுக்கிறோம்.

ஜெயபால் முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் வளையத்தையும் சங்கிலியையும் பார்த்தார்.

"இப்போ நான் இன்னா செய்யட்டும்?"

"பூட்டுங்க. நல்லாப் பூட்டுங்க. அதையும் மீறிப் போயிடுச்சின்னா கவலைப்படாதீங்க. கெடைச்சிடாமப் பாத்துக்குங்க."

அவர் சிரிக்கவில்லை. எதையோ யோசித்துக்கொண்டே எழுந்து போனார்.

இன்று காலை பார்த்தேன். சிவப்பு வண்டி வாசலில் நின்றது. டாங்கில் வெள்ளை பெயிண்ட், இன்னும் காயவில்லை — சேகர்.