பழைய சட்டியின் மூடி

என் மேசைமேல் ஒரு வெள்ளை மூடி இருக்கிறது. உள்ளங்கை அகலம், ஓரத்தில் ஒரு சில்லு பெயர்ந்தது, அடிப்பக்கம் முழுக்க மஞ்சள் கறை. பெட்டாலிங் ஜெயா அலுவலகத்தின் ஏர்கோன் காற்றில் விலைப் பட்டியல்கள் பறந்துவிடாமல் இருக்க அதைத்தான் மேலே வைக்கிறேன். பட்டியலில் இருப்பவை வெளிநாட்டு உணர்கருவிகள். கொதிக்கும் நீராவிக் குழாயில் பொருத்தி வைத்தால், குழாய்ச் சுவரில் விரிசல் விடும் ஓசையைக் கேட்டுச் சொல்லிவிடும். அதே பொருளை மேருவில் ஒரு தொழிற்சாலையில் நாங்களே செய்து காட்டுவோம் என்று ஆறு வருடம் மாரடித்தவன் நான். இன்று அடுத்தவன் செய்ததை விற்றுச் சாப்பிடுகிறேன். அந்த மூடியைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் தூக்கிப் போட மாட்டேன். ஒரு முறை தூக்கிப் போட்டுப் பட்டது போதும்.

அந்தக் கருவிக்கு உயிர் ஒரு பீங்கான் வில்லை. அழுத்தினால் மின்சாரம் தரும். இலேசான அதிர்வுக்கும் பதில் சொல்லும். சாதாரண வில்லையைச் சூடான குழாயில் வைத்தால் சீக்கிரமே அந்தக் குணம் போய் வெறும் ஓடாகிவிடும். ஐந்நூறு டிகிரியிலும் குணம் மாறாத வில்லை வேண்டுமென்றால் பிஸ்மத் என்ற உலோகம் சேர்ந்த மாவில் செய்ய வேண்டும். பிஸ்மத்தோ சூளைக்குள் போனதும் ஆவியாகி ஓடப் பார்க்கும். அதனால் வில்லைகளை அதே மாவுக்குள் புதைத்து, கெட்டியான வெள்ளைச் சட்டியில் வைத்து, மூடி போட்டுச் சுடுவோம். மாவுக் கணக்கு என்னுடையது. சுட்டது அக்கா.

அக்கா என்னைவிட ஆறேழு வயது இளையவர். ஆனால் அந்தத் தொழிற்சாலையில் எல்லாருக்கும் அக்கா, எனக்கும் அக்கா. காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவார். ஹெல்மெட்டைக் கழற்றியதும், பையைக்கூட வைக்காமல், சூளைக் கதவில் புறங்கையை வைத்துப் பார்ப்பார். என்னை "டொக்டர்" என்பார். அதில் மரியாதை பாதி, கிண்டல் பாதி. பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொண்டவனுக்கு வைத்தியம் தெரியாது என்பது அவருக்குத் தீராத குறை. "முட்டி வலிக்கு ஒரு மருந்து சொல்லத் தெரியல, என்னா டொக்டர்லா நீங்க?" என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்டுவிடுவார். நானும் அசடு வழியச் சிரித்துவைப்பேன்.

சிரிப்பு அங்கேயே முடிந்துவிடும். வேலை என்று வந்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எதையும் எழுதி வைக்க வேண்டும் என்பேன். நானே ஒரு படிவம் தயாரித்திருந்தேன்: தேதி, சூடு, நேரம், சுடுவதற்கு முன் வில்லையின் எடை, பின் எடை. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அக்காவின் முன்னால் போய் நிற்பேன். அவர் அலுத்துக்கொண்டே நிரப்புவார். அந்தப் படிவத்தைப் பற்றி எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஐந்தாவது வருடம் வில்லைகள் சூட்டைத் தாங்கி நின்றன. சும்மா சொல்லவில்லை, ஐந்நூறு டிகிரியில் மாதக்கணக்கில் நின்றன. தட்டிய தட்டுக்கெல்லாம் பதில் சொல்லின. ஒரு மின் நிலையத்திலிருந்து, உங்கள் கருவியை எங்கள் குழாயில் போட்டுப் பார்க்கிறோம் என்றார்கள். அக்கா கிள்ளானிலிருந்து ஒரு பெட்டி லட்டு வாங்கி வந்து, முதல் லட்டைச் சூளையின் தலையில் வைத்துவிட்டு அப்புறம்தான் எனக்குக் கொடுத்தார். எனக்கு அப்போது அதற்குக்கூடக் கோபம் வரவில்லை.

மின் நிலையத்து ஆட்கள் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். வந்தது வினை. இடத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று கிளம்பினேன். சூளைப் பக்கத்தில், அத்தனை வருடமும் நாங்கள் வில்லை சுட்ட அந்த ஒரே சட்டி இருந்தது. உள்ளே மஞ்சள், வெளியே பழுப்பு, பார்க்கவே சகிக்கவில்லை. பன்னிரண்டு புதுச் சட்டிகள் வாங்கிப் போட்டு, பழையதைக் குப்பைத் தோங்கில் போடச் சொன்னேன்.

"அது இருக்கட்டும்லா, டொக்டர்," என்றார் அக்கா.

"எதுக்கு?"

"தெரியல. அதுல வச்சா நல்லா வருது."

"தெரியலன்னா அப்புறம் என்னக்கா? தூக்கிப் போடுங்க."

போட்டார். அதற்கப்புறம் ஒரு வில்லைகூடத் தேறவில்லை. சுட்ட வில்லைக்குக் குணம் ஏற்றுவதற்கு, அதைச் சூடான எண்ணெய்க்குள் வைத்து அதிக மின்னழுத்தம் கொடுப்போம். எண்ணெய்க்குள் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். வெளியே எடுத்தால் ஊசியால் குத்தியதுபோல் வில்லையின் நடுவில் ஒரு துளை. நாளெல்லாம் பட், பட், பட். படிவத்தைப் பார்த்தேன். சுட்ட பிறகு வில்லையின் எடை முன்னைவிட அதிகமாகக் குறைந்திருந்தது. பிஸ்மத் ஓடுகிறது என்று புரிந்தது. அப்படியானால் சூடு கூடியிருக்க வேண்டும். சூடு கூடியது என்றால் சூளையைப் பார்த்துக்கொள்கிறவர் பார்த்துக்கொள்ளவில்லை. என் புத்தி அவ்வளவு நேராக ஓடியது.

முதலாளியும் மற்ற இருவரும் இருந்த கூட்டத்தில் அதைச் சொன்னேன். கவனக் குறைவு என்ற சொல்லைப் பயன்படுத்தினேன். கூட்டக் குறிப்பில் அப்படியே எழுதினார்கள். அக்கா என்னைப் பார்த்து, "நான் மாத்தி எதுவும் செய்யல, டொக்டர்," என்றார், ஒரே ஒரு தடவை. மறுநாள் அவரைப் பொதி கட்டும் பிரிவுக்கு அனுப்பினார்கள். மாதக் கடைசியில் அவரே வேலையை விட்டுவிட்டார்.

சூளையை நான் எடுத்துக்கொண்டேன். பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சூட்டைப் பார்த்தேன். ஒரு டிகிரி கூடவில்லை. பட், பட். அப்போதாவது உறைத்திருக்க வேண்டாமா? உறைக்கவில்லை. மாவை மாற்றினேன், எண்ணெயை மாற்றினேன், மாவு அனுப்பியவனோடு சண்டை போட்டேன். நான்கு மாதம் போயிற்று. புதுச் சட்டிகளில் ஒன்று உள்ளே மஞ்சளாகிக்கொண்டு வருவதை ஒருநாள் கவனித்தேன். பயன்படுத்தாத ஒரு சட்டியோடு சேர்த்து நிறுத்துப் பார்த்தேன். மஞ்சள் சட்டியின் எடை கூடியிருந்தது. வில்லையில் குறைந்ததெல்லாம் சட்டிக்குள் போயிருக்கிறது. புதுத் தோசைக்கல் முதல் சில தோசைகளை விடாமல் பிடித்துக்கொள்வதுபோல, புதுச் சட்டி பிஸ்மத்தைப் பிடித்துக்கொள்கிறது. பழைய சட்டி வருடக்கணக்கில் குடித்துக் குடித்து, இனி வேண்டாம் என்ற நிலையில் இருந்திருக்கிறது. என் அருமையான படிவத்தில், எந்தச் சட்டி என்று எழுத ஒரு கட்டம் கிடையாது.

மின் நிலையம் பராமரிப்புக்காக நிற்கும்போதுதான் குழாயில் கருவி பொருத்த முடியும். அதற்குப் பத்து நாள் இருந்தது. பன்னிரண்டு புதுச் சட்டிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் எதுவும் இன்னும் பழகவில்லை; ஒன்றைப் பழக்கி எடுக்க இனி இரண்டு மாதமாவது ஆகும். பழைய சட்டியை அக்கா அப்போதே தோங்கிலிருந்து எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனதாகப் பொதி கட்டும் பிரிவில் ஒரு பெண் சொன்னாள். அன்று மத்தியானமே காப்பாருக்குக் காரை விட்டேன்.

அக்கா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, "வாங்க டொக்டர், தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார். நான் உட்காரக்கூட இல்லை. "அக்கா, அந்தச் சட்டி இருக்கா?" என்று கேட்டேன்.

அவர் சுவரோரத்தைக் காட்டினார். சட்டியில் கற்றாழை வளர்ந்திருந்தது. தண்ணீர் வடிய ஆணியால் அடித்து ஓட்டை போட்டிருந்தார். உரம் வேறு போட்டிருந்தார். நான் அப்படியே தரையில் குந்திவிட்டேன். எடை கூடிய கதையைச் சொன்னேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்போ தப்பு என்னோடது இல்ல."

"இல்லக்கா. சட்டிதான்."

"இத ஆபீஸ்ல சொல்லிட்டீங்களா?"

"சொல்றேன்," என்றேன். அவர் உள்ளே போய் மூடியைக் கொண்டுவந்தார். "இது மட்டும்தான் நல்லா இருக்கு. எடுத்துக்குங்க," என்றார். நான் வாங்கிக்கொண்டு கிளம்பினேன். மன்னிப்புக் கேட்கவில்லை என்பது மேரு சாலை நெரிசலில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. திரும்பிப் போயிருக்கலாம். பத்து நாள்தான் இருக்கிறது என்று முன்னால் போனேன்.

பத்து நாளில் ஒன்றும் நடக்கவில்லை. மின் நிலையம் வெளிநாட்டுக் கருவியை வாங்கியது. முதலாளி ஆராய்ச்சியை மூடினார். கடைசி அறிக்கையில் சட்டியைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினேன், படத்தோடு. அக்காவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அறிக்கையில் ஆட்களைப் பற்றி எழுதும் வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குறை சொல்லும்போது அந்த வழக்கம் நினைவுக்கு வரவில்லை. கவனக் குறைவு என்ற அந்தக் குறிப்பு இன்னும் கோப்பில் அப்படியே இருக்கும்.

போன வாரம் கருவி வாங்க வந்த ஒருவர், பேச்சுவாக்கில் மூடியைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். "என்ன பாஸ் இது, இவ்வளவு கறை?" என்றார். பிஸ்மத் என்றேன். சட்டி பிஸ்மத்தைக் குடிக்கும் விதத்தைச் சுவாரசியமாக விளக்கினேன். "இதை யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நான்தான்," என்றேன்.