செவலைக்குத் தூவிய சீனி

சீம்பாலில் கருப்பட்டியைத் தட்டிப்போட்டு அவிக்கும்போது எழுகிற மணம், இலத்தூரில் எங்கள் வீட்டைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் போகும். அந்த மணம் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் தொழுவத்திலிருந்து அம்மா அலறினாள்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. குற்றாலத்தில் சீசன் நேரம் என்பதால், அருவிக்குப் போகிற பாதையில் போட்டிருந்த டீக்கடையிலேயே அப்பா தங்கிவிட்டார். எங்களுடைய ஒரே பசுவான செவலை, முந்தின நாள்தான் ஒரு கிடேரிக் கன்றைப் போட்டிருந்தது. ஆனால் "நஞ்சு" என்று நாங்கள் சொல்கிற நஞ்சுக்கொடி, பொழுது சாய்ந்தும் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காலமெல்லாம் மாடு வைத்திருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சி, ஊரில் பலரும் செய்வதைப்போல அதன் நுனியில் ஒரு செங்கல் துண்டைக் கட்டி, "கனத்துக்குத் தானா இறங்கிரும், தங்கச்சி" என்றார். அம்மாவுக்கு மனசில்லை, ஆனாலும் மறுக்கவில்லை.

காலையில் செவலை முக்கி முக்கி, கருப்பையே புரண்டு வெளியே வந்து, சிவந்த பெரிய பையாகப் பின்னங்கால் மூட்டு வரை தொங்கியது. ஊர்ப் பேச்சில் அதற்கு "அடி தள்ளுதல்" என்று பெயர்.

ஓடிவந்த அண்ணாச்சி தலையில் கைவைத்துக்கொண்டார். "இனி இது தேறாது தங்கச்சி. உசிரு இருக்கும்போதே அடிமாட்டு லாரிக்காரனுக்குச் சொல்லிருவோம்."

"நின்னுக்கிட்டு இருக்குற மாட்டையா அனுப்பச் சொல்லுதிய?" என்ற அம்மா, மாட்டு ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். கல்லை அவிழ்த்துவிட்டு, எதையும் பிடித்து இழுக்காமல், நல்ல தண்ணீரால் கழுவி, தான் வரும்வரை ஈரத்துணியில் ஏந்திப் பிடிக்கச் சொன்னார் அவர்.

பெட்டியில் கட்டாமல் வைத்திருந்த தீபாவளிச் சேலையை எடுத்து அம்மா தண்ணீரில் முக்கினாள். ஒரு பக்கம் அவள் பிடித்தாள். மறுபக்கத்துக்கு எனக்குத் தெம்பு போதவில்லை. சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அண்ணாச்சி, தோளில் கிடந்த துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டி வந்து என்னை விலக்கிப் பிடித்துக்கொண்டார். சாரல் அவர் முதுகில் வழிந்தது. "கல்லக் கட்டிருக்கக் கூடாது, தங்கச்சி" என்றார்.

"கை இறங்குது பாருங்க, தூக்கிப் பிடிங்க அண்ணாச்சி" என்றாள் அம்மா.

டாக்டரம்மா வந்ததும் முதலில் கேட்டது, "வீட்டில் சீனி இருக்கா?"

"காப்பி பொறவு தாரேன் டாக்டரம்மா, முதல்ல மாட்டப் பாருங்க!"

"எனக்கில்லம்மா, மாட்டுக்குத்தான்."

அப்பா டீக்கடைக்கென்று வாங்கி வைத்திருந்த சீனி மூட்டையை நான் தரதரவென்று இழுத்துவந்தேன். ஒட்டியிருந்த நஞ்சைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துவிட்டு, அந்தச் சிவந்த பையின் மேல் அவர் சீனியை அள்ளித் தூவினார். உள்ளே கோத்திருந்த நீர் சொட்டுச் சொட்டாக இறங்க, கண்ணெதிரே வீக்கம் வற்றியது. வாலடியில் மரத்துப்போக ஊசி போட்டு, செவலை முக்காத நேரமாகப் பார்த்து மெல்ல மெல்ல உள்ளே தள்ளித் தையல் போட்டார்.

உயிர் பிழைத்தாலும், அடி தள்ளிய மாடு இனிச் சினை பிடிக்காது என்றே தெரு முழுக்கப் பேச்சு. அப்பாகூட விற்றுவிடலாம் என்றார். டாக்டரம்மா புண் ஆறட்டும் என்று முதல் பருவத்தை விட்டுவிட்டு, கருப்பைக்கு மருந்து ஏற்றி, தாது உப்புக் கொடுக்கச் சொல்லி, அடுத்த பருவத்தில்தான் சினை ஊசி போட்டார். அது நிற்கவில்லை. அதற்கடுத்ததும் நிற்கவில்லை. அம்மா மட்டும் விடியும்போதெல்லாம் செவலையின் பின்னால் போய் நின்று, பருவத்துக்கு வந்ததற்கு அடையாளமாகக் கண்ணாடிபோல் வழும்பு வடிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அறுவடை முடிந்திருந்த ஒரு நாள், கையை உள்ளே விட்டுச் சோதித்த டாக்டரம்மா, கையை உருவிக்கொண்டு நிமிர்ந்தார். பிறகு, "சினைதாம்மா" என்றார். அம்மா செவலையின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். விற்கச் சொன்ன அப்பா, புல்லுக்கட்டைப் பிரித்துப் போட்டார். அந்தப் பிரசவம் சிக்கலில்லாமல் முடிந்தது. அண்ணாச்சி அதன்பின் யார் வீட்டுத் தொழுவத்திலும் கல் கட்ட விடவில்லை.

இன்று செவலை இல்லை. டாக்டரம்மா மாற்றலாகிப் போய்விட்டார். நானும் வேலைக்கென்று சென்னைக்கு வந்துவிட்டேன். தொழுவத்தில் நிற்பது செவலையின் பேத்தி. போன வாரம் அதற்குப் பிரசவ நேரம் என்று பதறிப்போய்ப் போன் செய்தேன். அம்மாவின் குரலில் பழைய பயம் துளியும் இல்லை.

"கன்னு போட்டுட்டு, நஞ்சும் விழுந்துட்டு. நீ போய் வேலையப் பாருட்டி."