மில் ஹாஜியாரின் காரில் காத்து வராத வாரம்

என்ஜின் வேலைக்காரன் கறுப்பு எண்ணெயோடு மல்லுக்கட்டுகிறான். வயரிங் வேலைக்காரன் கண்ணுக்குத் தெரியாத கரண்டோடு மல்லுக்கட்டிவிட்டு, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற வாகனக்காரரிடம் ஏச்சு வாங்குகிறான். வாகனம் வைத்திருக்கிறவர்களே, வாகனம் திருத்துகிறவர்களே, நாமெல்லாம் ஒரே சுவரில் தலையை முட்டினவர்கள்தான். உங்களிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்?

எண்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் கல்முனைக்குடியில், பெரிய ரோட்டோரம் எனக்கொரு வயரிங் கடை இருந்தது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் சரிவரவில்லை. மிச்சத்தை லொறிகளுக்குக் கீழே மல்லாந்து கிடந்து, மண்டையில் ஸ்பானர் விழ விழப் படித்தேன். கோபம் மட்டும் யாரும் படிப்பிக்காமல் தானாக வந்தது.

குளிர் இரிக்கி, காத்து இல்ல

எங்கள் பக்கத்தில் ஏ.சி. உள்ள கல்யாணக் கார் அப்போது ஒன்றே ஒன்றுதான். ரைஸ் மில் வைத்திருந்த ஹாஜியாரின் பழைய ஜப்பான் கார் அது. ஒரு திங்கட்கிழமை காலையில் ஹாஜியாரும் டிரைவர் மீராசாவும் அதில் வந்து இறங்கினார்கள். இரண்டு பேரும் சேர்ட்டைப் பிழிந்தால் ஒரு வாளி தண்ணீர் வரும் போல நனைந்திருந்தார்கள். ஏ.சி. ஓடுகிறது, காத்து வரவில்லை. வெள்ளிக்கிழமை ஹாஜியாரின் தங்கச்சி மகனுக்குக் கல்யாணம். கோட்டும் தலைப்பாகையுமாக மாப்பிள்ளை நிந்தவூருக்குப் போகவேண்டும்.

நான் குந்தியிருந்து விளக்கினேன். குளிர் பெட்டிக்குள்ளே உண்டாகிறது, அதை வெளியே தள்ளுவது புளோவர் என்கிற சின்னக் காத்தாடி, அதுதான் சுற்றவில்லை, மற்றபடி குளிருக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். ஹாஜியார் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "குளிர் உள்ளுக்கு இரிந்தா எனக்கென்ன மனே, மாப்பிள்ள வெளியதானே இரிக்கப் போறான்."

தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் ஒரு தீர்ப்பு

பியூஸைப் பார்த்தேன், நல்லது. டாஷ்போட்டுக்குக் கீழே தலையை விட்டு மோட்டரின் பிளக்கைக் கழற்றினேன். டெஸ்ட் லைட் என்பது இரண்டு வயர் பூட்டிய ஒரு சின்ன பல்ப். அதன் கிளிப்பைக் கதவுப் பிணைச்சலின் இரும்பில் கவ்வவிட்டு, மற்ற முனையைப் பிளக்கில் குத்தினேன். பல்ப் பளிச்சென்று எரிந்தது. கரண்டு வருகிறது, காத்தாடி சுற்றவில்லை. அப்படியானால் மோட்டர்தானே? மோட்டரைக் கழற்றிப் பற்றரியில் தொட்டுப் பார்த்திருக்கலாம், இரண்டு நிமிட வேலை. ஆனால் பக்கத்துத் தேத்தண்ணிக் கடைச் சனம் முழுக்க கிளாஸோடு எழும்பி வந்து நிற்கிறது, ஹாஜியாரோ "ஒனக்கு இது தெரியுமா, தெரியாதா?" என்று கேட்கிறார். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "மோட்டர் மௌத்து ஹாஜியார். எரிஞ்சி செத்துப் பெய்த்து. ஆரோ ஓயாம ஓடவிட்டிரிக்காங்க" என்றேன்.

ஹாஜியார் மீராசாவின் பக்கம் திரும்பினார். கல்யாண வீடுகளுக்கு வெளியே ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு அவன் நித்திரை கொள்வதாக அவருக்கு ஏற்கனவே ஒரு சந்தேகம். தன்னுடைய இன்னொரு மருமகன் கார் லைசன் எடுத்துவிட்டு நிற்கிறான் என்றும், வெள்ளிக்கிழமைக் கல்யாணம் முடிந்ததும் மீராசா சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றும் சொல்லிவிட்டு நடந்தார். மீராசாவுக்கு மூன்று பெண்பிள்ளைகள். எங்கள் ஊரில் பெண்பிள்ளை என்றால் சீதனமாக ஆளுக்கொரு வீடு கட்டவேண்டும். அவன் இன்னும் முதல் வீட்டின் அத்திவாரத்தில் நின்றான். கடைச் சனம் கலைந்த பிறகு, அண்ணனைக் காக்கா என்று கூப்பிடுகிற எங்கள் ஊர் வழக்கில் என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "காக்கா, நீங்க மோட்டரை மட்டும் மௌத்தாக்கல்ல."

தம்பிலுவில் பேரம்

அந்தச் சொல் குத்தியது. குத்தினால் எனக்கு வருகிறது கோபம்தான். அதே கோபத்தோடு மறுநாள் தம்பிலுவிலுக்குப் போனேன். அங்கே கனகசபை அண்ணன் என்று வயல் செய்கிற ஒரு கமக்காரர் இருந்தார். நாவிதன்வெளியில் வயலுக்குள் புரண்ட, இதே மாதிரிக் கார் ஒன்றை வாங்கி, கழற்றிக் கழற்றி விற்றுக்கொண்டிருந்தார். புளோவர் மோட்டர் மாமரத்துக்குக் கீழே ஒரு சாக்கில் கிடந்தது.

அதைக் கையில் எடுத்து, துரு என்றேன், கிடந்து பழுதானது என்றேன், இரண்டு தரம் எழும்பிப் போய் வாசற்படலையில் நின்று திரும்பி வந்தேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே இருந்தார். கடைசியில் காசுக்குப் பதிலாக அவருடைய உழவு மெசினுக்கு லைட் வயர் இழுத்துக் கொடுப்பதென்று முடிவானது. வென்றுவிட்டேன் என்று நினைத்து, மத்தியான வெயிலில் அந்த மெசினுக்குக் கீழே கிடந்தேன். வேலை முடிந்து மோட்டரைத் தரும்போது அண்ணன் சொன்னார்: "தம்பி, உங்கட கோவத்தில ஒரு பெல்ட்டை மாட்டினா என்ட நெல்லு மெசினுக்கு டீசல் தேவைப்படாது."

உடைந்த கிளிப்

புதன்கிழமை தம்பிலுவில் மோட்டரைப் பூட்டினேன். மீராசா பக்கத்தில் நின்று பிஸ்மி சொல்லி சுவிச்சைப் போட்டான். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி போட்டான். இல்லை. நான் டெஸ்ட் லைட்டைச் சுவரில் அடித்தேன். பல்ப் தப்பியது, கிளிப் இரண்டாகப் போய்விட்டது.

இனிக் கதவில் கவ்வவிடக் கிளிப் இல்லை. என்ன செய்ய? வெறும் வயர் முனைகள் இரண்டையும் பிளக்கின் இரண்டு ஓட்டையிலும் குத்தினேன். பல்ப் எரியவில்லை. அப்போதுதான் மண்டையில் ஏறியது. கரண்டு வருவதற்கு ஒரு வயர், திரும்பிப் போவதற்கு ஒரு வயர். வருகிற வழியை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். கதவுப் பிணைச்சல் வழியாக, காரின் இரும்புக்குத் திரும்பிப் போக நானே ஒரு குறுக்கு வழி கொடுத்தால் பல்ப் எரியாமல் என்ன செய்யும்? திரும்பிப் போகிற வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது முன்சீட்டுக்காரர் கால் வைக்கிற இடத்தில், கம்பளத்துக்குக் கீழே, காரின் இரும்போடு அதைப் பிணைக்கிற ஒரு ஸ்க்ரூ ஆணியில் முடிந்தது. கம்பளத்தைத் தூக்கினால் ஆணி பாசி பிடித்த மாதிரிப் பச்சை. தொட்டதும் வயர் கழன்று கையோடு வந்தது. கூடவே ஒரு கல்யாண வீட்டு வாசம்.

மீராசா வாயைத் திறந்தான். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் முன்னால் பன்னீர்ச் செம்பை எடுத்து, கண்ணாடிக்குக் கீழே காத்து வருகிற இடுக்கில் கவிழ்ப்பானாம். மாப்பிள்ளைக்குக் குளிரும் வாசமும் சேர்ந்து வரட்டுமே என்று. வாசம் மாப்பிள்ளைக்குப் போனது, தண்ணீர் ஆணிக்குப் போனது. நான், எரிந்துபோனதென்று மூலையில் எறிந்த பழைய மோட்டரை எடுத்துப் பற்றரியில் தொட்டேன். விர்ரென்று கைக்குள் துள்ளியது. மீராசா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "இது எங்க ரெண்டு பேரையும் விட ஹயாத்தா, உசிரோட இரிக்கி காக்கா."

இரண்டு குற்றவாளிகள்

ஆணியைச் சுரண்டி, புது வயர் போட்டு, பழைய மோட்டரையே பூட்டினோம். காத்து அடித்தது. இனி ஹாஜியாரிடம் என்ன சொல்வது? மோட்டர் மாற்றினேன் என்று சொன்னால் என் பேர் நிற்கும், மீராசாவின் வேலை போகும். விவரம் தெரிந்த நாள்முதல் நான் யாரிடமும் பிழை என்று ஒத்துக்கொண்டவன் இல்லை. இரண்டு பேரும் காரை மில்லுக்குக் கொண்டு போனோம்.

"மோட்டர் எரியல்ல ஹாஜியார். இவன் ஓடவிட்டதுமில்ல. நான்தான் பாக்காமச் சொன்ன. ஒரு ஆணி துருப்பிடிச்சிருந்த" என்றேன். எப்படித் துருப்பிடித்தது என்று கேட்டார். கடல் காத்து என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் மீராசா, "பன்னீர் ஹாஜியார். நான்தான் ஊத்தின" என்று போட்டு உடைத்துவிட்டான். நெல்லளந்த சனமெல்லாம் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தது. ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டே, "அந்த வாசத்துக்குத்தானே சனம் என்ட காரைத் தேடி வருது. வாசம் ஏ.சி.யில வருதெண்டு நான் இவ்வளவு நாளும் ஜப்பான்காரனுக்குத்தானே அல்லாட்ட துஆக் கேட்ட" என்றார். பிறகு தீர்ப்புச் சொன்னார்: "மீராசா சாவியை வெச்சிக்கட்டும், பன்னீரைக் கைலேஞ்சித் துணியில தெளிக்கட்டும். நீ வெள்ளிக்கிழம ஓலை விசிறியோட முன்சீட்டில ஏறு. காத்து நிண்டா திரும்பியிருந்து மாப்பிள்ளைக்கு நீ விசிறு."

நிந்தவூர்ப் பயணம்

ஏறினேன். காரைதீவைத் தாண்டும் வரைக்கும் மூச்சுவிடவில்லை. என்ஜின் சத்தம் கேட்கவில்லை, அந்தச் சின்னக் காத்தாடியின் சத்தம் மட்டும்தான் காதில். அது ஒரு தரமும் நிற்கவில்லை. மாப்பிள்ளை தலைப்பாகைக்குக் கீழே குளிரில் ஒடுங்கிப்போய் இருந்தான். நிந்தவூர் நெருங்க, என் மடியைப் பார்த்து, "காத்து நல்லாத்தானே வருது, இவர் ஏன் விசிறியோட வாறார்?" என்று கேட்டான். மீராசா ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னான்: "அது வயரிங் காக்காட சேர்ட்டிபிக்கட் மாப்பிள்ள, கடையில மாட்டி வெக்க மறந்து கையோட கொண்டுவந்திட்டார்."

எங்கள் தொழிலில் கரண்டு அடித்து விழுந்தவனை விட வாயைக் கொடுத்து விழுந்தவன்தான் அதிகம், அதற்கு மட்டும் இன்றைக்கு வரைக்கும் ஒருத்தனும் பியூஸ் கண்டுபிடிக்கவில்லை.