லைன் இல்லாத போன்

இன்றைக்குப் பழைய இரும்பு எடுக்க வந்தவரின் வண்டியில் ஒரு சிவப்பு ரெலிபோன் கிடந்தது. ரிசீவரைத் தூக்கினேன். பலபேரின் மூச்சு ஊறின அந்த மணம் அப்படியே இருந்தது.

நெல்லியடியில் அப்போது, வெளிநாட்டிலிருந்து வருகிற போனில் காசு குடுத்துக் கதைக்கிற ஒரு கொமினிக்கேசன் கடை இருந்தது. இப்போது அந்த இடத்தில் பேக்கரி. அம்மா சவூதிக்கு வீட்டுவேலைக்குப் போனபிறகு, அவ அங்கேயிருந்து போன் எடுக்கிற ஞாயிறுகளில் சித்தி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போவா. மணி அடித்தால் வாங்கில் வரிசையாகக் குந்திக் காத்திருக்கிற சனம் முழுக்க எழும்பும், ஒரு பேரைக் கூப்பிட்டதும் மற்றவர்கள் திரும்பக் குந்துவார்கள். அம்மாவின் குரல் கேட்டால் எனக்கு வாயில் ஒரு சொல்லும் வராது. அதற்குள் லைன் கட்டாகிவிடும்.

கடையில் வேலைக்கு நின்ற அக்கா இதைக் கவனித்திருக்கிறா. ஒருநாள் பழுதான சிவப்புப் போன் ஒன்றை என் மடியில் வைத்தா.

"அம்மா எடுக்குமட்டும் உதிலை கதைச்சுப் பழகு."

அம்மாவோடு கதைக்கிற மாதிரிக் கதைத்தேன். முன்பல்லு இரண்டும் விழுந்திட்டுது, வந்தால் என்னை அடையாளம் தெரியுமோ என்று கேட்டேன்.

பிறகு அம்மா எடுத்தா. அவ என்ன கேட்டாலும் எனக்கு "ஓம்" மட்டும்தான் வந்தது. கடை அக்கா ரிசீவரை வாங்கி அம்மாவுக்குச் சொன்னா.

"அக்கா, பிள்ளைக்கு முன்பல்லு விழுந்திட்டுது. உங்களுக்கு அடையாளம் தெரியாமல் போயிடுமோ எண்டு பயப்பிடுறாள்."

திரும்ப என் காதில் வைத்தா. அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"உன்னைப் பல்லில்லாமல்தானே பிள்ளை பெத்தனான்."