எப்போதும் ரெண்டு விரல்

என் வீட்டுக்காரரின் மண்டையைப் பற்றி ஒரு காலத்தில் ஊரே பெருமைப்பட்டது. கால்பந்தில் அவர் தற்காப்பு ஆட்டக்காரர். பந்து எவ்வளவு உயரத்தில் வந்தாலும் தலையைக் கொடுத்துவிடுவார். பந்து கிடைக்காவிட்டால் எதிரணிக்காரன் மண்டை, கோல் கம்பம், எது கிடைத்தாலும் சரிதான். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே நெற்றியில் பிளாஸ்திரி. "மாப்பிள்ளைக்கு வீரம் ஜாஸ்தி" என்று அப்பா பூரித்துப்போனார். வீரமாம்!

யாராவது அடிபட்டு மயங்கி விழுந்தால் அவர்கள் குழுவில் ஒரு வைத்தியம் உண்டு. தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றி, மூக்கில் தைலத்தைக் காட்டி, பயிற்சியாளர் முகத்துக்கு நேரே விரலை நீட்டுவார். "எத்தன விரல்டா?" சரியாகச் சொன்னால், "பாஸ்! உள்ள போ." அந்த மகானுபாவர் எப்போதும் ரெண்டு விரலைத்தான் நீட்டுவார். இது குழு முழுக்கத் தெரியும். கண் சொருகிக் கிடப்பவன்கூட "ரெண்டு" என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடுவான். அந்தப் பரீட்சையில் ஒருத்தரும் ஃபெயிலானதே இல்லை.

இப்போது அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார். ஈசூனில் இத்தனை வருஷம் இருந்த வீட்டை விட்டுவிட்டு, பக்கத்து பிளாக்கில் போய்க் கதவைத் தட்டுகிறார். ஏன் என்று கேட்டால் தட்டு பறக்கிறது. குரலைக்கூட உயர்த்தாத மனுஷன் அவர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு?" என்று சீறுகிறார்.

கூட்டாளிகள் சொன்னால் கேட்பார் என்று, ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் ரோட்டுக் காப்பிக்கடையில் கூடும் பழைய ஆட்டக்காரர்களிடம் போய் முறையிட்டேன். "வயசானா மறதி வரும் லா, அண்ணி" என்றார் ஒருவர். சொன்னவர் முன்னால் வாய் வைக்காத தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர் சற்று முன் சொல்லி முடித்த கோல் கதையை மறுபடி ஆரம்பித்தார். மற்றவர்கள் புதிதாகக் கேட்பதுபோல் கைதட்டினார்கள். நல்ல ஆட்களிடம் வந்து சேர்ந்தேன் போ!

கடைசியில் எங்கள் கடைக்குட்டி மகள்தான் வேலைக்கு லீவு போட்டு, கெஞ்சிக் கூத்தாடி அவரை ஆஸ்பத்திரிக்குக் கிளப்பினாள். அவள் என்றால் அவருக்கு உயிர். எம்ஆர்டி ரயிலில் வழியெல்லாம் அவள் கையை அவர் விடவேயில்லை.

டாக்டர் நம் தமிழ்ப் பெண். "பயப்படாதீங்க அங்கிள், சும்மா சில கேள்விதான். உங்களுக்கு எத்தன பிள்ளைங்க?"

"ரெண்டு" என்றார், யோசிக்காமல்.

எங்களுக்கு மூன்று. மூன்றாவது அவர் கையைப் பிடித்தபடி பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். பழைய பழக்கத்தில் சொன்னாரா, நிஜமாகவே மறந்துவிட்டாரா, எனக்குத் தெரியவில்லை. மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அவரோ பதில் சொன்ன சந்தோஷத்தில், அவள் கையை விட்டுவிட்டு எழுந்து நின்றார்.

"பாஸ்தானே? உள்ள போலாமா?"