வாழைப்பழம் ஏறாத படகு

ஹாலிஸ் பிண்டரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால் எனக்கு இரண்டுக்கு மேல் வராது. மீன் இருக்குமிடம் தெரிந்தவன். பொய் சொல்லாதவன். அவ்வளவுதான். மற்றபடி மூக்குக்கு மேல் கோபம், எடுத்தெறிந்த பேச்சு, காலையில் அவன் முகத்தில் விழித்தால் எனக்குக் காப்பி கூட இறங்காது. ஆனால் வேறு வழியில்லை. படகுத்துறையில் டீசல், ஐஸ், இரைக்கு உயிர் நண்டு விற்கிற கடை என்னுடையது. அவன் படகு நிற்பது என் கடைக்கு நேர் எதிரே.

அவன் தொலைபேசி வைத்துக்கொள்ள மாட்டான். "வெச்சிருந்தா எடுக்கணும், எடுத்தா பேசணும்" என்பான். அதனால் காசு கொடுத்து அவன் படகில் மீன் பிடிக்க நாள் கேட்கிறவர்கள் எல்லாரும் என் கடைக்குத்தான் கூப்பிடுவார்கள். அவன் கல்லாப் பக்கம் சாய்ந்துகொண்டு கியூபாக்காரன் கடைக் காப்பியை உறிஞ்சியபடி நிற்பான். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பேன்.

"வாந்தி எடுப்பானான்னு கேளு மார்வா."

"சார், உங்களுக்குக் கடல் ஒத்துக்குமான்னு கேக்கறார்."

"வாயை மூடிட்டு உக்காரத் தெரியுமான்னு கேளு."

"அதை நான் கேக்க மாட்டேன். நீயே கேளு."

"அப்ப குனியத் தெரியுமான்னு கேளு."

இந்தக் குனிகிற விஷயம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். எங்கள் தீவுகளுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை டார்பன் மீன் வரும். ஆள் நீளம் இருக்கும், உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளிச் செதில். யாரும் அதைத் தின்பதில்லை. அதோடு மல்லுக்கட்டிப் படகோரம் கொண்டுவந்து, தண்ணீரிலேயே வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். இதற்கா இவ்வளவு செலவு என்று என்னைக் கேட்காதீர்கள். தூண்டில் முள் தைத்ததும் மீன் தண்ணீரை விட்டு மேலே எழும்பித் துள்ளும். அந்த நொடியில் கம்பைத் தாழ்த்தி அதன் பக்கமாகக் குனிய வேண்டும். விறைப்பாக நின்றால் நூல் அறுந்து மீன் போய்விடும். எவ்வளவு பெரிய ஆளானாலும் குனிந்துதான் ஆகவேண்டும்.

இன்னொரு வழக்கம், நாள். ஒருவர் ஒரு முறை ஒரு நாளைப் பிடித்துவிட்டால் வருடா வருடம் அது அவருடைய நாள். அவரே இந்தத் துறையில் வந்து நின்று வேண்டாம் என்று சொல்லும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக்கூடாது. ஜூன் மாதத்து நல்ல நாளுக்காக ஜனங்கள் நாயாய்ப் பேயாய் அலைவார்கள். ஹாலிஸிடம் இருந்ததிலேயே நல்ல நாளை வைத்திருந்தவர் செஸ்டர் ஹாஸ்கெல். வடக்கே ஒஹாயோவில் கூரை ஓடு விற்பவர். சிரித்த முகம், எனக்கு வருடா வருடம் மிட்டாய் டப்பா கொண்டுவருவார். குளிர்காலத்தில் இறந்துபோனார்.

பிப்ரவரியில் ஒரு நாள் தொலைபேசி அடித்தது. "நான் வெர்னா ஹாஸ்கெல் பேசறேன். செஸ்டரோட பொண்டாட்டி. ஜூன்ல அவர் நாளுக்கு நான் வர்றேன்."

அந்தப் பெண்மணியை எனக்கு ஒரே ஒரு முறை பார்த்த ஞாபகம் இருந்தது.

இருபது வருடம் ஆகப்போகிறது. செஸ்டர் முதல் முறை வந்தபோது மனைவியையும் அழைத்து வந்திருந்தார். அன்றைக்கு அவர்களுடைய கல்யாண நாள் என்று அவளே என்னிடம் சொன்னாள். வெள்ளைக் கால்சட்டை, உதட்டுச் சாயம், கையில் மூடி போட்ட கூடை. விடிகிற நேரத்திலேயே எழுந்து மோட்டல் அடுப்பில் கோழி வறுத்திருக்கிறாள். ஹாலிஸ் கூடையைத் திறந்து பார்த்தான். கோழிக்குப் பக்கத்தில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

வாழைப்பழம் மீன்பிடிப் படகில் ஏறக்கூடாது, அபசகுனம். இங்கே பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும். மற்றவர்கள் அதைச் சொல்லிச் சிரித்துவிட்டுப் பழத்தைக் கரையில் வைக்கச் சொல்வார்கள். ஹாலிஸ் அப்படிப்பட்டவனா? மஞ்சள் சட்டை போட்டவனையே திருப்பி அனுப்புகிற பிசாசு. கூடையை அப்படியே தூக்கித் தண்ணீரில் வீசினான். கோழி, ரொட்டி, துணி, எல்லாம் போயிற்று. நாலு பெலிக்கன் பறவைகள் அதன் பின்னால் போயின. துறையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்னா திரும்பி மோட்டலைப் பார்த்து நடந்தாள். படகுப் பக்கம் ஆண்கள் இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள், இஞ்சின் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அப்புறம் செஸ்டர் படகில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை. செஸ்டர் மட்டும் வருடம் தவறாமல், கல்யாண நாளன்றைக்கே வந்தார்.

"நீங்க மீன் பிடிச்சிருக்கீங்களாம்மா?" என்று தொலைபேசியில் கேட்டேன்.

"மீனுக்கா வர்றேன்? அந்த ஆள் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அவன் வாயால, என் மூஞ்சியைப் பாத்து. அது இல்லாம நான் சாக மாட்டேன். நாள் என்னுதா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

செத்தவர் நாள் பெண்டாட்டிக்குச் சேரும் என்றுதான் துறையில் எல்லாரும் சொன்னார்கள். ஹாலிஸ் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "மன்னிப்பாம். வரட்டும். வந்து வாந்தி எடுத்துட்டுப் போகட்டும்" என்று சொல்லிக் காப்பிக் குவளையை என் குப்பைத்தொட்டிக்கு வெளியே எறிந்தான். எப்போதும் வெளியேதான் எறிவான்.

ஜூனில் வந்தாள். தலை முழுக்க நரை, முழங்கால் மூட்டில் பட்டை, கறுப்புக் கண்ணாடி. கையில் கூடை கூட இல்லை. வெறும் வாழைப்பழச் சீப்பை எல்லாரும் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு துறைப் பலகைமேல் நடந்து வந்தாள். மற்றப் படகுக்காரர்கள் நண்டு வாங்குவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள்.

"அம்மா, அதோட ஏற முடியாது" என்றான் ஹாலிஸ்.

"எறி. அன்னைக்கு எறிஞ்ச மாதிரியே எறி. அன்னைக்குச் சிரிச்சாங்களே, இன்னைக்கும் சிரிக்கட்டும்."

"கரையில வெச்சுட்டு ஏறுங்க."

"நான் வைக்க மாட்டேன். உன் கைதானே இதுல தேர்ந்த கை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இரண்டு பேருக்கும் அறுபது தாண்டிவிட்டது, நிற்கிற நிலையைப் பார். நடுவில் போய் இரண்டு திட்டுத் திட்டலாம் என்று கல்லாவை விட்டு எழுந்தேன். அதற்குள் ஹாலிஸ் அவள் கையிலிருந்து சீப்பை வாங்கினான். தண்ணீர்ப் பக்கம் திரும்பவில்லை. நேராக என் கடைக்கு நடந்து வந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தான். "ஒண்ணும் சொல்லாதே மார்வா" என்றான்.

வெர்னா அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்ப வைக்கத் தெரியும். தெரிஞ்சுதான் அன்னைக்கு எறிஞ்சிருக்கே" என்றாள். அவன் இஞ்சினைக் கிளப்பினான். அவள் கைபிடிக்க யாரையும் கேட்காமல் படகில் ஏறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு கடலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. அவர்கள் இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள், ஒருத்தரை ஒருத்தர் வைதுகொண்டே. சொன்னது ஒன்றுபோலவே இருந்ததால் நம்பினேன்.

பாலத்துக்குக் கீழே நங்கூரம் போட்டிருக்கிறான். பாதிக் காலை அப்படியே போயிற்று. அவள் வாந்தி எடுக்கவில்லை, அதில் அவனுக்கு வருத்தம். பிறகு ஒரு மீன் நண்டைக் கவ்வியது. கவ்விய வேகத்தில் மேலே எழும்பியது. "குனி, குனி" என்று கத்தியிருக்கிறான். அவள் கம்பைப் பிடித்துக்கொண்டு நட்ட கழியாக நின்றாள். நூல் அறுந்தது.

"குனின்னா குனியணும். காது கேக்கலையா?"

"நீ சொல்லி நான் குனியணுமா?"

"எனக்கு இல்லம்மா, மீனுக்கு. உங்க வீட்டுக்காரர் எவ்வளவு அழகாக் குனிவார் தெரியுமா. மீன் துள்ளினா தலை தரையைத் தொடும்."

"எங்க வீட்டுல ஒரு நாள் குனிஞ்சதில்லை அந்த ஆளு" என்றாள் வெர்னா. பிறகு சும்மா இருந்திருக்கலாம். அவளால் இருக்க முடியவில்லை. "உன்னாலதான் அவர் அன்னைக்குப் படகுல ஏறினார். ஏறலைன்னா இனிமே நாளே கிடையாதுன்னு மிரட்டினியாமே. ராத்திரி வந்து அழுதார் என்கிட்ட."

ஹாலிஸ் நண்டை முள்ளில் கோப்பதை நிறுத்திவிட்டான். "நான் மிரட்டினேனா?"

"பின்னே யாரு?"

"போய்யா, பொண்டாட்டி பின்னாடி போன்னேன். காசைத் திருப்பித் தர்றேன், நாளையும் உனக்கே வெச்சிருக்கேன், அடுத்த வருஷம் வான்னேன். அவர்தான், அவ ஆறிடுவா, நீ இஞ்சினைப் போடுன்னார். போட்டேன்."

வெர்னா அவனைக் கண்டபடி திட்டினாள். செத்தவன்மேல் பழி போடுகிறாய், நீ மனுஷனா, நீ விளங்குவாயா என்று அவளுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் சொன்னாள். அவன் ஒன்றும் சொல்லவில்லையாம். இதுதான் ஹாலிஸிடம் எனக்குப் பிடிக்காதது. சண்டை போட வேண்டிய இடத்தில் கல்லுளிமங்கனாக உட்கார்ந்துவிடுவான்.

அவள் திட்டி ஓய்ந்த நேரத்தில் அடுத்த மீன் கவ்வியது. முதல் மீனைவிடப் பெரியது. துள்ளியபோது அவன் கத்தவில்லை. அவளாகவே குனிந்தாள். மூட்டுப் பட்டை பலகையில் இடிக்கக் குனிந்தாள். நங்கூரக் கயிற்றை மிதவையோடு அவிழ்த்துவிட்டு மீன் இழுத்த இழுப்புக்கெல்லாம் பின்னால் போனார்கள். கடைசியில் அது படகோரம் வந்து சாய்ந்தது. ஹாலிஸ் அதன் தாடையைப் பிடித்துக்கொள்ள, அவள் கையை நனைத்து ஒருமுறை தடவினாள். அப்புறம் விட்டார்கள்.

"இப்ப மட்டும் எப்படிக் குனிஞ்சீங்க?" என்று கேட்டானாம்.

"அது எனக்கு ஒண்ணும் பண்ணலையே. அதுக்குக் குனிஞ்சா எனக்கு ஒண்ணும் குறைஞ்சு போயிடாது."

மத்தியானம் திரும்பி வந்தார்கள். மீன் பிடித்தவள் முகம் மாதிரி இல்லை அவள் முகம். நேராக என் கடைக்குள் வந்து கண்ணாடியைக் கழற்றினாள். கண் சிவந்திருந்தது. படகில் நடந்த பேச்சை ஒரே மூச்சில் கொட்டிவிட்டு, "இவன் பொய் சொல்லுவானா?" என்றாள்.

ஹாலிஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தான். செஸ்டர் கொண்டுவந்த மிட்டாய் டப்பாக்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. ஒன்றைக் கூட மிச்சம் வைக்காமல் தின்றிருக்கிறேன். ஆனால் என்ன செய்வது, கேட்டது எனக்குப் பதில் தெரிந்த கேள்வி.

"வாயைத் திறந்தா கெட்ட வார்த்தை வரும்மா. பொய் வராது."

அவள் ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "இத்தனை வருஷமா தப்பான ஆளைத் திட்டிட்டிருந்திருக்கேன்" என்றாள்.

"தப்பான ஆள் இல்லை" என்றான் ஹாலிஸ். "கூடையை எறிஞ்சது நான்தானே." இதைத் தரையைப் பார்த்துச் சொன்னான். அப்புறம் தொப்பியைக் கழற்றினான். எனக்குத் தெரிந்து அவன் அம்மா அடக்கத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் கழற்றினான். அவளை நிமிர்ந்து பார்த்து, "கல்யாண நாள்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் எறிஞ்சிருப்பேன், அப்ப நான் அப்படித்தான். தப்புதான். மன்னிச்சுக்கங்க" என்றான்.

இதற்காகத்தானே வந்தாள். இதைக் கேட்காமல் சாக மாட்டேன் என்றாளே.

வெர்னா அவனையே பார்த்தாள். கோபம் கூட இல்லை, வெறுமனே பார்த்தாள். "இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றாள். "இதைச் சொல்ல வேண்டிய ஆளை டிசம்பர்ல புதைச்சுட்டேன். நல்ல சட்டை போட்டு, தலை சீவிப் புதைச்சேன்."

ஹாலிஸ் தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

அவளே எழுந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே போய்த் துறைப் பலகைமேல் நின்றாள். "இங்க நின்னுதானே சொல்லணும்? அந்த ஜூன் நாள் எனக்கு வேண்டாம். விட்டுட்டேன். யாருக்கு வேணும்னாலும் கொடு" என்றாள்.

"சரி" என்றான் ஹாலிஸ்.

"வேற நாள் என்ன இருக்கு?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். "மே மாசக் கடைசில ஒரு புதன்கிழமை. நல்ல நாள் இல்லை. காத்து கழுத்தை அறுக்கும், மீன் வந்தாலும் வரும், வராமலும் போகும்."

"அது யார் நாளு?"

"யார் நாளும் இல்லை. எவனும் கேக்க மாட்டான்."

"அதைக் கொடு. பழம் கொண்டு வருவேன்."

"கடையில வெச்சுட்டுத்தான் ஏறணும்."

"வெப்பேன். நானே வெப்பேன்."

நான் காலண்டரை இறக்கி மே மாதத்தைப் புரட்டிப் பேனாவை எடுத்தேன். பழக்கதோஷத்தில் 'ஹாஸ்கெல்' என்று எழுதத் தொடங்கிவிட்டேன். அவள் கை நீட்டி என் கையைப் பிடித்தாள். மீன் வாடை அடித்தது.

"அது வேண்டாம். கிம்ப்ரோன்னு போடு. வெர்னா கிம்ப்ரோ. கல்யாணத்துக்கு முன்னாடி என் பேரு."